மழிக்காத தலை

பாளையங்கோட்டையில் எங்கள் ஜெபக்குழு கூடுவது ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவின் வீட்டில். அவர் வீட்டு முன்னறைப் பீரோவின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய அட்டைப்படம் ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் கறுத்து மெலிந்தவன். நனைந்த வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அது நான். மற்றவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. அந்த நிமிஷம்தான் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்திருக்கிறார். அடர்ந்த நரைமுடி நெற்றியில் வழிந்து கண்ணை மறைக்கிறது, ஒரு கையால் அதை ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். படத்துக்குக் கீழே "இவர்களுக்காக ஜெபியுங்கள்" என்று அச்சடித்திருக்கும். இந்தத் திருநெல்வேலிச் சீமையில் எத்தனை பீரோக்களில் அந்த அட்டை ஒட்டியிருக்கிறதோ, எனக்குத் தெரியாது. சீவலப்பேரியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன், அங்கேயும் அடுக்களைச் சுவரில் இருந்தது. சாப்பிட உட்காராமல் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

படத்தில் என்னோடு இருப்பவர், கம்போடியாவில் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் நான் நாட்டிய சபையின் முதல் விசுவாசி. அந்த நாட்டில் தகப்பனைவிட மூத்தவர்களை 'ஓம்' என்று கூப்பிடுவார்கள். மாதாமாதம் எங்கள் ஊர்ச் சபைகளுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் நான் 'ஓம் வந்தார், ஓம் ஜெபித்தார்' என்று எழுதினால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் பெரியப்பா என்று எழுதினேன். அர்த்தமும் அதுதான். அந்தப் பெயரே இங்கே நிலைத்துவிட்டது. அவர் முகத்தை நேரில் பார்க்காத நூறு வீடுகளில் அவர் பெரியப்பா ஆகிப்போனார்.

அவர் பனையேறி. என் தாத்தாவும் ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெற்கே பனையேறியவர்தான். எங்கள் ஆட்கள் மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுவார்கள். அங்கே மரத்தோடு ஒரு மூங்கிலைக் கட்டி, அதன் கணுக்களில் கால் வைத்து ஏறுகிறார்கள். கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய். "இது என்ன ஏத்தம், ஏணி வச்சு ஏறுத மாதிரி" என்று முதல் நாள் நான் தமிழில் முணுமுணுத்தேன். அவர் புரியாமலே சிரித்து, ஒரு குழாய் பதநீரை என் கையில் கொடுத்தார். அந்த ருசிக்காகவே அந்த நாட்டில் இருந்துவிடலாம் என்று தோன்றியது. விடியும் முன்னே மரமேறிவிட்டு அவர் கடைசி மரத்திலிருந்து இறங்கும்போது நான் தூரில் உட்கார்ந்திருப்பேன். அங்கேயே வேத பாடம் நடக்கும். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதை அந்த நாட்டின் சண்டைகள் தின்றுவிட்டதால் அவருக்கு வாசிக்க வராது. நான் அரைகுறையாகப் படித்துக்கொண்டு போயிருந்த அவருடைய பாஷையின் எழுத்துகளை அவருக்கே சொல்லிக்கொடுத்தேன். விளைவு என்னவென்றால், பேசும்போது ஊர்க்காரராகப் பேசுவார், வாசிக்கும்போது மட்டும் திருநெல்வேலிக்காரன் மாதிரி வாசிப்பார். ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. அவர் பேச்சு என் காதில் எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது, அதை அப்படியே எழுதுகிறேன். "நீ எனக்கு எழுத்து சொல்லித் தாரே, நான் ஒனக்குப் பேச்சு சொல்லித் தாரேன், சரியாப் போச்சு" என்பார்.

நானும் என் மனைவியும் குடியிருந்த வாடகை வீடு மரக்கால்களின் மேல் நின்றது. அதன் அடியில்தான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. இரண்டு வருஷத்தில் பதினொரு பேர் சேர்ந்தார்கள். பதினொரு பேரும் பெரியப்பாவைப் பார்த்து வந்தவர்கள், என்னைப் பார்த்து அல்ல. இதை நான் கடிதங்களில் எழுதவில்லை.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பனையேறித் தாத்தா கடைசிவரை இந்துவாகவே இருந்தார். அவருடைய மூன்று மகன்களில் என் அப்பா மட்டும் கிறிஸ்தவர். தாத்தா இறந்தபோது எனக்கு எட்டு வயது. தாமிரபரணிப் படித்துறையில் பெரிய மகனும் கடைசி மகனும் நாவிதர் முன்னால் குனிந்து உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார்கள். என் அப்பா எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலையோடு, கைகட்டி, நாலு படி மேலே நின்றார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, நமக்கு எப்போது என்று கேட்டேன். "ஏலே, நமக்கு இது கெடையாது. நாம யாருன்னு ஊருக்குக் காட்டுததே இந்தத் தலதான்" என்றார். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த துட்டிவீடுகளில் யார் கிறிஸ்தவன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. தலையைப் பார்த்தால் போதும். வேதத்தில் எந்தப் பக்கத்தில் இது இருக்கிறது என்று நான் தேடிப் பார்த்ததில்லை. தேட வேண்டும் என்று தோன்றியதுமில்லை. தாமிரபரணிக் கரையில் படித்த அந்தப் பாடத்தை அப்படியே பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு கடல் கடந்து போனேன்.

பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிய தாய் இருந்தாள். மகன் சபைக்கு வந்ததை அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் வந்து ஓரத்துத் தூணில் சாய்ந்து, வெற்றிலையை இடித்து மென்றுகொண்டு, பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஆராதனை முடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, ஒரே ஒரு நாளைக்கு எம் மவன எனக்குக் கடனாத் தருவியா?" என்று கேட்டாள். அந்த ஊரில் தாய் இறந்தால், எரியூட்டும் நாளில் மகன் தலையும் புருவமும் மழித்து, துறவிகளின் காவியை உடுத்து, சவப்பெட்டிக்கு முன்னால் நடக்க வேண்டும். ஒரு நாள் துறவு. மறுநாள் காவியைக் களைந்துவிட்டு மரமேறப் போகலாம். அவன் குடித்த தாய்ப்பாலுக்கு அதுதான் கைம்மாறு. அவள் பெற்ற ஐந்தில் மிஞ்சியது அவரும் ஒரு தங்கையும். நாடே பட்டினி கிடந்த காலத்தில், தன் பங்குச் சோற்றை முந்தியில் முடிந்து கொண்டுவந்து இந்த மகனைக் காப்பாற்றியவள். "மத்த நாளெல்லாம் ஒங்க சாமிக்கே இருக்கட்டும். அன்னைக்கு மட்டும் போதும்" என்றாள்.

"ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் அம்மா" என்றேன். முடியாது என்பதை நோகாமல் சொல்ல எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் முறை அது. இங்கே யாரிடம் சொன்னாலும் புரிந்துகொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவளுக்கு அது தெரியாது. நான் ஜெபித்து முடிப்பேன் என்று நிஜமாகவே காத்திருந்தாள். வழியில் பார்க்கும்போதெல்லாம் புருவத்தை உயர்த்தி, ஆயிற்றா என்பதுபோல் பார்ப்பாள். நான் சிரித்துக்கொண்டே கடந்துபோவேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வெயில் காலத்தில் அவள் இறந்துபோனாள். பெரியப்பா விடியற்காலையில் வந்து, ஏணிப்படி ஏறாமல் கீழேயே நின்று கூப்பிட்டார். "போட்டுக்கிடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். எது என்று நானும் கேட்கவில்லை. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. யாரும் எனக்கு உத்தரவு போட்டிருக்கவில்லை. பாளையங்கோட்டையில் இருந்த என்னை அனுப்பிய மிஷனரி இயக்கத்தின் செயலாளர் அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அவர் நல்ல மனுஷன்; "அங்கன உள்ளது ஒங்களுக்குத்தான தெரியும், பாத்துச் செய்யுங்க" என்று சொல்லியிருப்பார். எங்கே அனுமதி கொடுத்துவிடுவாரோ என்றுதான் நான் பயந்தேன். பெரியப்பாவிடம் நெடுநேரம் பேசினேன். சபையில் நீங்கள்தான் மூத்தவர், நீங்கள் மழித்தால் மற்ற பதினொரு பேரும் நாளைக்கு மழிப்பார்கள், பிறகு சபைக்கும் ஊருக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம். என் அப்பாவின் கதையையும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "ஒங்க அப்பாவுக்கு அதுக்கப்புறம் தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் துட்டிக்குப் பிறகு அப்பா சாகும்வரை அந்தப் படித்துறையில் இறங்கிக் குளித்ததே இல்லை என்பது, நான் ஊர் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் என் சொல்லைக் கேட்டார். எரியூட்டும் நாளில் வெள்ளைச் சட்டை போட்டு, முடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்தார். தங்கைக்கு இரண்டும் பெண்கள், அவருக்குப் பதில் மழித்து நடக்க ஒரு பேரனும் இல்லை. பெட்டிக்கு முன்னால் மகன் நடக்க வேண்டிய இடம் காலியாகவே போனது. துறவிகள் போனார்கள், பிறகு நாலு கஜம் வெறும் புழுதி, பிறகு பெட்டி. ஊரே அந்தப் புழுதியைப் பார்த்துக்கொண்டு நடந்தது. பெரியப்பா பெட்டிக்குப் பின்னால், கூட்டத்தின் கடைசியில் என்னோடு நடந்தார். தீ வைத்ததும் நான் சைகை காட்ட, அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நான் எழுதிக்கொடுத்திருந்த ஜெபத்தை வாசித்தார். தாயின் சிதைக்கு முன்னால், அந்நியனான என் உச்சரிப்பில், தடுக்கித் தடுக்கி வாசித்தார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே நான் ஜெபக் கடிதம் எழுதினேன். அதுவரை எழுதியதிலேயே அதுதான் நீளமானது. பெரியப்பா உறுதியாக நின்றார், ஊரே பார்க்க நின்றார், தாய்ப்பாசத்தையும் ஜெயித்து நின்றார் என்று எழுதினேன். இங்கே அதைச் சபை சபையாக வாசித்திருக்கிறார்கள். அசன விருந்துக்குக் கூடிய கூட்டத்திலும் வாசித்தார்களாம். பாளையங்கோட்டை ஜெபக்குழுவில் டீச்சரம்மா வாசிக்கும்போது பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று செயலாளர் அண்ணாச்சி எனக்கு எழுதினார். ஞானஸ்நானத்தன்று எடுத்த படத்தை அட்டையாக அச்சடித்ததும் அப்போதுதான். தனியாக ஆலயம் கட்டத் தகரக்கூரை வாங்கித் தந்தார்கள். டீச்சரம்மாவின் அந்தக் கண்ணீரை நான் பல நாள் மனசுக்குள் எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அங்கே யாரும் பெரியப்பாவை அடிக்கவில்லை, திட்டவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வசதியாக இருந்திருக்கும். தங்கை அடுப்பு மூட்டவில்லை, அவ்வளவுதான். அவர் இறக்கும் பதநீரை அதுவரை அவள்தான் காய்ச்சுவாள். காய்ச்ச ஆளில்லாத பதநீர் மத்தியானத்துக்குள் புளித்துப்போகும். அவர் வழக்கம்போல் இறக்கிக்கொண்டுவந்து அவள் வாசலில் வைப்பார். அது அங்கேயே நுரைத்துப் புளித்து, ஈ மொய்த்துக் கிடக்கும். மறுநாளும் கொண்டுவந்து வைப்பார். அந்தப் பருவத்தோடு மரத்துக்குச் சொந்தக்காரர்கள் அவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்த மரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சபைக்கு வருவதிலிருந்து ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். சண்டை போட்டு நின்றிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கடைசியாக நின்ற பெண், எனக்குக் கொடுக்க ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து, "எங்க அம்மைக்கும் வயசாவுது ஐயா" என்றாள். நான் பழத்தை வாங்கிக்கொண்டேன். புதுத் தகரக்கூரையின் கீழ் நானும் என் மனைவியும் பெரியப்பாவும் மட்டும் உட்கார்ந்தோம்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு அவர் தாமதமாக வந்தார். தலையும் புருவமும் மழித்திருந்தார். தாமே மழித்துக்கொண்டது, பாளை சீவும் அரிவாள் பட்ட வெட்டுகள் உச்சியில் காய்ந்திருந்தன. விகாரையில் போய்க் காவி கேட்டிருக்கிறார். அது எரியூட்டும் நாளுக்கு உள்ளது, இனிமேல் கேட்டு என்ன என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புருவமில்லாத அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அன்று திருவிருந்து ஆராதனை. தவறிப்போன விசுவாசிக்கு, சபைக்கு முன்னால் அறிக்கையிடும்வரை திருவிருந்து கிடையாது என்பது எங்கள் ஊர் ஒழுங்கு. சபை எங்கே இருந்தது, அவர் யார் முன்னால் அறிக்கையிட? அந்தக் கேள்வியெல்லாம் அன்று எனக்கு வரவில்லை. அவர் முழங்காலிட்டு இரண்டு கையையும் நீட்டியிருந்தார். நான் அப்பமிருந்த தட்டை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து என் மனைவியிடம் போனேன். அவளும் வாங்கவில்லை. "அவுகளுக்குக் குடுத்துட்டு எனக்குத் தாங்க" என்றாள், தமிழில், மெதுவாக. நான் கொடுக்கவில்லை. பெரியப்பா நீட்டிய கையைச் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு மடக்கிக்கொண்டு எழுந்து போனார்.

அந்த வாரத்திலேயே தாய்லாந்து எல்லைக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எந்த ஊர், யாரோடு என்று தெரியவில்லை. தங்கையிடம் கேட்கப் போனேன். அவள் கதவைச் சாத்தக்கூட இல்லை. நான் நிற்பதையே பார்க்காதவளாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் வெறும் தகரக்கூரையின் கீழ் பிரசங்கம் செய்தேன். கடிதங்களும் எழுதினேன், பெரியப்பா ஜெபிக்கிறார், சபை வளர்கிறது என்று. "இனிமே யாருக்குப் பிரசங்கம் பண்ணுதிய?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். உடல்நலக் குறைவு என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

இப்போது ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். தினமும் பஸ் ஆற்றுப்பாலத்தைக் கடக்கும்போது, கீழே படித்துறையில் யாராவது ஒரு மகன் நாவிதர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறானா என்று கண் தானாகத் தேடும். பார்ப்பவர்கள் எல்லாரும், "பெரியப்பா எப்பிடி இருக்காவ?" என்று விசாரிப்பார்கள். "நல்லா இருக்காவ" என்பேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு தடுமாறியது. பிறகு பழகிவிட்டது. இல்லாத சபைக்காக வாரந்தோறும் இவ்வளவு பேர் முழங்கால் தேய ஜெபிக்கிறார்கள்.

போன மாதம் டீச்சரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விட்டார். போனபோது, கூடத்தில் ஒரு பத்தமடைப் பாய் சுருட்டிச் சணலால் கட்டிவைத்திருந்தது. ஓரத்தில் சிவப்புக் கரை போட்ட நைஸ் பாய். "பெரியப்பாவுக்குச் சொல்லி நெய்ய வச்சேன்யா. தரையில உக்காந்துதான ஆராதன பண்ணுதாவ? நமக்குத் தெரிஞ்ச பையன் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போறான். வெலாசத்த மட்டும் எழுதிக் குடு" என்று தாளும் பேனாவும் நீட்டினார். பேனாவை வாங்கினேன். என்ன எழுத? இத்தனை வருஷத்துப் பொய்யும் அந்தத் தாளின் முன்னால் வந்து நின்றது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடன் கேட்ட தாயை, பெட்டிக்கு முன்னால் கிடந்த புழுதியை, புளித்த பதநீரை, நீட்டிய கையை. சொல்லும்போதே, எங்கள் ஊர்ச் சபைகளின் எந்தக் குரலுக்குப் பயந்து இதையெல்லாம் செய்தேனோ அந்தக் குரல் இப்போது இவர் வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன். விசுவாசத்தில் உறுதி, சபை ஒழுங்கு என்று ஏதாவது சொல்லி என் பாரத்தில் பாதியை வாங்கிக்கொள்வார் என்ற நப்பாசையும் இருந்தது.

டீச்சரம்மா நான் கீழே வைத்த பேனாவை எடுத்து மூடினார். பிறகு, "முடிதானேய்யா" என்றார். "வளந்திருக்கும்லா."

"அந்தக் கடிதத்த வாசிக்கும்போது நீங்க அழுதியன்னு அண்ணாச்சி எழுதுனாங்களே" என்றேன்.

"அழுதேன். அந்த அம்மைக்காவ அழுதேன். பெத்த பிள்ள உயிரோட இருந்தும் முன்னால நடக்க ஆளில்லாமப் போனாளேன்னு. அது ஒனக்கும் தெரிஞ்சிருக்கும்னுல்லா நெனச்சேன்."

என்னைத் திட்டவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஜெபக்குழுவில் கம்போடியாவின் பெயர் வருவதில்லை. டீச்சரம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஜெபக் குறிப்பு வரும்போது அடுத்த குறிப்பை வாசித்துவிடுகிறார். பெரியப்பா எப்படி இருக்கிறார் என்று என்னை அவர் கேட்பதும் இல்லை. பாய் கட்டிய சணலோடு பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. படத்தை மட்டும் அவர் எடுக்கவில்லை, எடுத்துவிடச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சனிக்கிழமைதோறும் அதற்கு நேர் எதிர் நாற்காலிதான் எனக்குக் கிடைக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று பெரியப்பா கண்ணை மறைக்கும் முடியை ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.